மாடசாமியின் ‘சாமி’யை வெட்டியது யார்?

“தமிழனுக்கு சர்நேம் கிடையாது. சாதி வாலை 1929லேயே அறுத்து எறிஞ்சிட்டோம். வடக்கே இன்னும் சர்மா, வர்மா, திவாரின்னு தூக்கிச் சுமக்கான்.” போன மாசம் ஒரு கூட்டத்தில் ஒரு தோழர் இப்படிப் பேசினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேன், பழக்க தோஷம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அறுத்து எறிந்தோம் என்கிறாரே, வால் யாரிடம் இருந்தது? என் அப்பனிடம் இல்லை. அவன் அப்பனிடமும் இல்லை. வால் வைத்திருந்தவன் அறுத்தான், அறுத்ததற்குப் பேரும் வாங்கினான். எங்களிடம் அறுக்கப்பட்டது வேறொன்று. அதைப் பற்றி எந்த மாநாட்டிலும் தீர்மானம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டைக் குறைத்துப் பேச வரவில்லை. தலைமை வகித்த சௌந்தரபாண்டியன் ‘நாடார்’ பட்டத்தை விட்டார். பெரியார் அதற்கு முன்பே, 1927 கடைசியில், ‘குடி அரசு’ முகப்பில் தன் பேருக்குப் பின்னால் இருந்த ‘நாயக்க’ரை எடுத்துவிட்டார். பெரிய காரியம். இன்றைக்கும் ஆந்திராவில், குஜராத்தில் ஒரு முதலமைச்சர் பேரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடுகிறது, இங்கே தெரிவதில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுத்த வால் செத்ததா, உயிரோடு ஊர்ந்து வேறெங்கோ போய் ஒட்டிக்கொண்டதா? என் கேள்வி அதுதான்.

கேள்வி எனக்கு லெஸ்டரிலிருந்து வந்தது.

என் தம்பி 2003இல் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனான். அந்த வருசங்களில் அங்கே ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் பற்றாமல் கேரளத்திலிருந்தும் இங்கிருந்தும் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னான் ஏஜெண்டு. தம்பி எழுதினான்: மாடன். அது எங்கள் அப்பன் பேர், பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ளபடி. தம்பி மகனும் அந்தப் பேரோடே அங்கே வளர்ந்தான். இப்போது அவனுக்கு ஒரு ஆண்குழந்தை. போன வாரம் மருமகள் போன் பண்ணினாள். ஆறுமுகநேரிக்காரப் பிள்ளை, கல்யாணமாகிப் போய் மூணு வருசம்தான் ஆகிறது.

“பெரிய மாமா, பேரு பதியணும்லா. நாப்பத்திரெண்டு நாளைக்குள்ள பதியணுமாம். சர்நேம் என்ன வேணும்னாலும் போட்டுக்கிடலாமாம். ஒங்க மவன் ஒண்ணு சொல்லுதாவ. எனக்கு மனசு ஒப்பல. நீங்க பேசுங்க.”

அவன் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ‘மாடன்’ எங்கிருந்து வந்தது என்று சொல்லியாகணும்.

என் அப்பன் பேர் மாடசாமி. அம்மா சீர் கொண்டுவந்த பித்தளைச் செம்பின் கழுத்தில் அந்தப் பேர் வெட்டியிருக்கிறது. செம்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாடன் என்றால் இளக்காரம் ஒன்றுமில்லை. சுடலைமாடன் காவல் தெய்வம். தெரிக்காட்டு மணலில், வாழைத்தோட்ட வரப்பில், சுடுகாட்டு ஓரத்தில் அவனுக்குப் பீடம் உண்டு. நாடார், கோனார், தேவர், நாங்கள், எல்லாரும் கும்பிடுகிற சாமி. பிள்ளைமார் குடும்பங்களிலும் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள். அவன் பேரைப் பிள்ளைக்கு வைத்தால் ‘மாடசாமி’ என்றுதான் வைப்பார்கள்.

அப்பன் உப்பளத்தில் வாரினான். உப்புத் தண்ணியில் நின்று நின்று கால் வெடித்து, செத்த பிறகு சுடுகாட்டில் அந்தக் கால் மட்டும் லேசில் வேகவில்லை. (உப்பளத்துக் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், எல்லார் வீட்டிலும் இந்தக் கதை இருக்கும்.) கூலி நோட்டு எழுதினவர் கணக்கப்பிள்ளை. முதல் நாள் பேர் கேட்டிருக்கிறார்.

“மாடசாமிங்கய்யா.”

“என்னது, சாமியா? ஒன்ன நான் சாமின்னு கூப்புடணுமாக்கும்? மாடன்னு எழுதிக்கிடுதேன், போலே.”

நோட்டில் ‘மாடன்’ ஏறியது. வெளியே ‘மாடா’ ஆனது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அப்பன் வாயிலிருந்து வந்ததை எழுதவில்லை. கணக்கப்பிள்ளை கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதினார். த/பெ. மாடன். அப்பன் கைநாட்டு, அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே எட்டாங்கிளாஸ் வந்த பிறகுதான் செம்பில் ஒரு பேரும் சர்டிபிகேட்டில் ஒரு பேரும் இருப்பது கண்ணில் பட்டது.

இதைக் கவனியுங்கள். என் அப்பன் பேரிலிருந்து ‘சாமி’யை வெட்டின மனுசன் தன் பேரில் ‘பிள்ளை’யை வைத்துக்கொண்டிருந்தார். இது ஏதோ ஒரு கெட்ட மனுசனின் குறும்பு இல்லை. ராமசாமி ராமன் ஆனதும், கந்தசாமி கந்தன் ஆனதும், கருப்பசாமி கருப்பன் ஆனதும் ஊர் ஊராக நடந்ததுதான். சேரியிலிருந்து வருகிறவன் பேரில் சாமி இருந்தால் கூப்பிடுகிறவன் வாய் தீட்டுப்படும். எங்களுக்கு நடந்த பேர்வெட்டு இதுதான். 1929இல் தானாக உதிர்த்ததையும் இதையும் ஒரே கணக்கில் வைத்து “நாமெல்லாம் வெட்டிட்டோம்” என்றால் எப்படி?

சரி, வெட்டுப்பட்ட மாடன் லெஸ்டரில் என்ன ஆனான்? அங்கேதான் வேடிக்கை. ஆங்கில எழுத்தில் அவனை வெள்ளைக்காரர்கள் ‘மேடன்’ என்று படித்தார்கள். அயர்லாந்துக்காரர்களிடம் மேடன் என்று பழைய குடும்பப் பேர் உண்டு, எழுத்துக்கூட்டில் கொஞ்சம் வித்தியாசம். “உன் மூதாதை ஐரிஷா?” என்று தம்பியிடம் வார்டில் ஒரு கிழவி கேட்டாளாம். பஞ்சாபிகளிடமும் ‘மதான்’ என்று ஒரு பேர் உண்டு, ஆங்கிலத்தில் எழுதினால் எங்கள் மாடனும் அதுவும் ஒன்றுதான். அது கத்ரி சாதிப் பேர், வியாபாரிகள். பஞ்சாபி டாக்டர் ஒருத்தர் தம்பியிடம் இந்தியில் ஆரம்பித்துவிட்டார், நம்மாள் என்று. ஒரு உப்பளக் கணக்கப்பிள்ளை இளக்காரத்துக்கு வெட்டின பேர் கடல் தாண்டினதும் கத்ரி ஆகிவிட்டது! பேரை வைத்து ஒருத்தன் எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்று வகை பிரிக்கிற மென்பொருள்கூட லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் செய்திருக்கிறார்கள். அது எங்கள் மாடனைப் பஞ்சாபியாக எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் நம்மவர்களிடம் அதைவிடப் பழைய மென்பொருள் இருக்கிறது. வாயில்.

அங்கே ஒரு ஊர்ச் சங்கம். பொங்கல் விழா. தம்பி மகன் முதல்தடவையாகக் குடும்பத்தோடு போயிருக்கிறான். நம்ம ஆற்றுப் பாசனத்துப் பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“குலசேகரன்பட்டினம்.”

“அட, ராக்கெட் ஊரா! அடிக்கல்லு போட்டாங்களே, 2024ல. சந்தோசம். குலசையில எங்க?”

“கோயில் பக்கம்.”

“முத்தாரம்மன் கோயிலுக்கு எந்தப் பக்கம்? மேக்கயா, தெக்கயா?”

அவ்வளவுதான். திசை சொன்னதும் சாதி தெரிந்துவிட்டது. அடுத்த விழாவுக்குச் சமையல் கமிட்டியில் பேர் கொடுத்திருந்தான். போன் வந்தது: “தம்பி, சமையலுக்கு ஆள் இருக்கு. நீங்க நாற்காலி போடுறதப் பாத்துக்கிடுங்க.” ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. சாதி என்ற சொல்லே வரவில்லை. அந்தச் சங்கத்து மேடையிலும் “தமிழனுக்குச் சாதி வால் இல்லை” என்று பேசத்தான் செய்வார்கள்.

இதற்குப் பிறகுதான் தம்பி மகன் அந்த யோசனைக்கு வந்திருக்கிறான். “பெரியப்பா, பையனுக்குப் ‘பிள்ளை’ன்னு போட்டுருவோம்னு பாக்கேன். இங்க சட்டத்துல தடையில்ல. என் பேரையும் ஒரு பத்திரத்துல எழுதி மாத்திக்கிடலாம். ஒருத்தனும் திசை கேக்கமாட்டான்.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். ஏன் என்றால் இதை முதலில் செய்கிறவன் இவன் இல்லை.

பிள்ளை என்றால் குழந்தை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பறையனும் பெற்றது பிள்ளைதான், பொம்பளப் பிள்ளையை “ஏ பிள்ள” என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல்லை ஒரு கூட்டம் பட்டமாக எடுத்துக்கொண்டது. அரசனுக்குப் பிள்ளை, கோயிலுக்குப் பிள்ளை, கணக்குக்குப் பிள்ளை. கணக்கப்பிள்ளை வெள்ளைக்காரன் வாயில் ‘கானிகோபொலி’ ஆகி, 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ஏறியிருக்கிறார். பிள்ளைமார் பிரிட்டனுக்குக் கப்பலேறும் முன்பே கணக்குநோட்டு ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. வெள்ளாளர் பட்டம் என்கிறார்கள். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை வெள்ளாளரா? இடையர். பதவி வந்தது, பிள்ளையும் வந்தது. 1909இல் தர்ஸ்டன் ஏழு தொகுதியாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதினாரே, அதில் பிள்ளைப் பட்டம் போட்டுக்கொண்டவர்கள் என்று ஒரு நீளப் பட்டியலே இருக்கிறது. அதில் பறையரும் உண்டு. துரைமார் வீட்டு பட்லர்களாக இருந்த பறையர் பலர் தங்கள் பேருக்குப் பின்னால் பிள்ளை சேர்த்துக்கொண்டதைக் குறித்து வைத்திருக்கிறார். 1920இல் சென்னைச் சட்டசபைக்குப் போன நம்ம எம்.சி.ராஜாவின் தகப்பனார் பேர் மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை. துரை மேசையில் சூப் பரிமாறினவன் சும்மா இல்லை தோழர்களே. கணக்குப் போட்டுத்தான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறான்.

கப்பலேறினவர்களும் அப்படித்தான். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டுபோனது. அந்தக் கப்பல்களின் ஆள் பட்டியலில் சாதிக்கு ஒரு கட்டம். எத்தனையோ பேர் எதிரே ‘பறையா’ என்று எழுதியிருக்கிறது. இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் ‘பறையா’ என்று ஒரு குடும்பப் பேர் காண முடியுமா? நாயுடு, பிள்ளை, கவுண்டர் திரிந்த கவெண்டர், முதலி திரிந்த மூட்லி, படையாச்சி. இல்லாவிட்டால் முனுசாமி, பெருமாள், வீராசாமி என்று பாட்டன் பேர். பறையன் எங்கே போனான்? எல்லாரும் செத்தா போனான்? அங்கிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் இங்கிலாந்து போனவர்கள் ‘பிள்ளை’யைக் கடைசியில் ‘ஒய்’ போட்டு எழுதுகிறார்கள். இந்தியாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் போனவர்கள் ‘ஏ’யும் ‘ஐ’யும். கடைசி எழுத்தைப் பார்த்தாலே எந்தக் கப்பல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கேரளத்து நாயர்களும் அதே பிள்ளைதான். ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, க்ராய்டன் என்று தமிழர் குடியிருக்கிற பகுதிகளில் இந்த எல்லாப் பிள்ளைகளும் கலந்து கிடக்கிறார்கள். யார் பட்லர் பிள்ளை, யார் பண்ணைப் பிள்ளை என்று எந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியும்?

லெஸ்டரிலும் ஹாரோவிலும் தெருவெல்லாம் பட்டேல். அதுவும் ஊர்த் தலைவன், நிலவரி வசூலித்தவன் பட்டம்தான். கண்பி என்று இருந்த உழவர்கள் நிலமும் வரியும் கையில் வந்ததும் பாட்டிதார் ஆனார்கள், 1931 குடிக்கணக்கில் அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு கிழக்கு ஆப்பிரிக்கா. 1972இல் இதி அமீன் 90 நாள் கெடு கொடுத்துத் துரத்தினபோது உகாண்டாவிலிருந்து 27,000க்கு மேல் பேர் பிரிட்டன் வந்தார்கள், பட்டேலும் வந்தார். துரத்தப்பட்டவர்களின் துயரத்தை நான் கேலி பண்ணவில்லை. ஆனால் பாருங்கள், பட்டேல், சௌத்ரி, தேஷ்முக், முதலியார், பிள்ளை என்று இந்தியக் குடும்பப் பேர்களாக உலகம் சுற்றுகிற பேர்களில் எத்தனை, வரி வாங்கினவன், கணக்கு எழுதினவன், ஊரை அதட்டினவன் பேர்! உப்பு வாரினவன் பேர் எங்கே?

இங்கிலாந்துக்காரனைப் பாருங்கள். அவன் நாட்டில் ஆக அதிகமான குடும்பப் பேர் ஸ்மித். அப்படியென்றால் கொல்லன். டெய்லர் தையல்காரன், டேனர் தோல் பதனிடுகிறவன். நாட்டையே ஆட்டிவைத்த தாட்சர் அம்மாவின் புருசன் வீட்டுப் பேருக்கு அர்த்தம் கூரை வேய்கிறவன். எவனும் அதை மறைத்துக்கொண்டு அலையவில்லை. நம்ம நாட்டில் தோல் பதனிட்டவன் தொழிலைப் பேராக வைத்துக்கொண்டு ஒரு சங்கத்து அடுப்படிக்குள் போய்விட முடியுமா? அவர்களும் யோக்கியர்கள் இல்லை, அங்கே பிரபு வேறு, வேலைக்காரன் வேறுதான். இருந்தாலும் தொழிலின் பேர் வசையாகவில்லை.

வசை என்றதும் ஒன்று. பிரிட்டனில் ஆகப் பரவலாகப் புழங்குகிற தமிழ்ச் சாதிப் பேர் எது தெரியுமா? பிள்ளை இல்லை. பறையன். ‘பரையா’ என்று அவர்கள் அகராதியில் சில நூற்றாண்டாக இருக்கிறது. ஒதுக்கி வைக்கப்பட்ட நாட்டைச் சொல்ல, கட்சி தள்ளிவைத்த ஆளைச் சொல்ல, டிவியில் செய்தி வாசிக்கிறவள் சர்வசாதாரணமாகச் சொல்கிறாள். பறை அடித்தவனின் பேர் அது என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு சர்நேம் இல்லை என்று யார் சொன்னது? கேட்காமலே ஒரு தேசத்துக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தச் சொல்லைக் கையிலெடுத்து 1893இல் தன் பத்திரிகைக்கே ‘பறையன்’ என்று பேர் வைத்தார் இரட்டைமலை சீனிவாசன். பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அங்கே தன் பேரோடு பறையன், தீண்டப்படாதவன் என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டுதான் ஐந்தாம் ஜார்ஜ் முன்னால் நின்றார் என்று நம்ம ஆட்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எம்.சி.ராஜா வேறு வழி எடுத்தார். பறையன், பஞ்சமன் என்கிற பேர்களே அரசாங்கத் தாளில் வேண்டாம், ஆதிதிராவிடர் என்று எழுது என்று கேட்டார், 1922இல் வாங்கியும் கொடுத்தார். ஒருத்தர் பேரைக் கொடியாகப் பிடித்தார், ஒருத்தர் பேரை மாற்றினார். இரண்டுபேரும் சண்டைதான் போட்டார்கள். அதனால் தம்பி மகன் பிள்ளை என்று போட நினைப்பதை ‘அடையாளத் துறப்பு’, ‘மேல்நிலையாக்கம்’ என்று சொல்லாடல் பேசி நொட்டை சொல்ல நான் தயாராக இல்லை. திசை கேட்கிறவனை நிறுத்தாமல் திசை சொல்ல மறுக்கிறவனைக் குற்றம் சொல்வது எந்த ஊர் முற்போக்கு?

கூட்டத்தில் பேசிய தோழருக்கு வருகிறேன். வால் போனது, சரி. பேரிலிருந்து போய் எங்கே ஒட்டியது? விலாசத்தில். காலனி என்று எழுதினால் போதும், தபால்காரன் முதல் பெண் பார்க்க வருகிறவன்வரை தெரிந்துகொள்வான். அந்தச் சொல் வசையாகிவிட்டது, அரசாங்க ஆவணங்களிலிருந்து எடுக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் சொன்னது 2025 ஏப்ரலில். செங்கல்பட்டுக்குப் பிறகு 96 வருசம்! பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டில் ஒட்டியது, கலர் கலர் கயிறாக. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அப்புறம்தான் நீதியரசர் சந்துரு குழு போட்டார்கள், 2024இல் அது கயிறைத் தடை செய்யச் சொன்னது. 2025 ஜூலை 27, பாளையங்கோட்டை. எங்கள் மாவட்டத்து ஆறுமுகமங்கலத்துப் பையன் கவின் வெட்டிக் கொல்லப்பட்டான். சாதி தாண்டிய காதல்தான் காரணம் என்பது வழக்கு. கவின் செல்வகணேஷ். அந்தப் பேரில் எங்கே இருக்கிறது வால்? தன் பேர் மட்டும், முடிந்தது. 1929 தீர்மானம் கேட்டபடி அப்பழுக்கில்லாத பேர். அரிவாளுக்கு வால் தேவைப்படவில்லை.

இங்கிலாந்திலும் சட்டம் பாதியில் நிற்கிறது. 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள், 2013இல் சேர்த்தே ஆகணும் என்று திருத்தினார்கள், 2018 ஜூலையில் சட்டம் வேண்டாம், வழக்குத் தீர்ப்புகளே போதும் என்று அரசாங்கம் கைகழுவியது. அப்படி அவர்கள் நம்பச் சொல்கிற வழக்கில் ஜெயித்தவர் பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கூட்டிப்போன ஒரு ஆதிவாசிப் பெண். மணிக்கு 11 பென்சு கூலி. 2015இல் 1,83,773 பவுண்டு கொடுக்கச் சொன்னது தீர்ப்பாயம். அவர் குடும்பப் பேர் திர்கி. உராவ் மக்களின் குலப்பேர். பிரிட்டிஷ் சட்டத்தில் சாதி என்றால் இன்று வக்கீல்கள் முதலில் சொல்வது அந்தப் பேரைத்தான். பிள்ளையும் இல்லை, பட்டேலும் இல்லை.

தம்பி மகனிடம் ராத்திரி ஒரு மணிநேரம் பேசினேன். பிள்ளை போடாதே என்று சொல்லவில்லை. செம்பை எடுத்து வைத்து, கழுத்தில் வெட்டியிருப்பது தெரிகிற மாதிரி விளக்கைப் பிடித்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். “ஒங்க தாத்தா பேரு இதுதாம்லே. நீங்க அங்க சுமக்கறது கணக்கப்பிள்ளை எழுதின பேரு. மாத்தணும்னு முடிவு பண்ணிட்டா, நோட்டு எழுதினவன் பேருக்கு மாத்தப்போறியா, வெட்டினதை ஒட்டப்போறியான்னு ரெண்டுபேரும் யோசிங்க” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள்தான் போனை வாங்கினாள்.

“மாடசாமின்னா இங்க வெள்ளக்காரவ வாயில நொழையுமா பெரிய மாமா?”

“கானிகோபொலின்னு சொன்ன வாயிதானம்மா அது.”

சிரித்தாள். வியாழக்கிழமை பதிவு ஆபீசுக்குப் போகிறார்கள். என்ன எழுதினார்கள் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.